பிள்ளைப்பேறு தாமதமாகும்போது: சூலகக் கோளாறும் குளிசைகளும் பற்றிய சில விளக்கங்கள்

எமது மகளிர் குழுக் கூட்டங்களில் சேமிப்புக் கணக்கும் சுழற்சிக் கடனும் வீட்டுத்தோட்டமும் பேசி முடிந்து, தேநீர் பரிமாறும் வேளையில்தான் பல பிரச்சினைகள் வெளியே வருகின்றன. அப்படியான ஒரு மாலையில், எல்லோரும் எழுந்து சென்றபின் ஒரு சகோதரி மட்டும் பாயை விட்டு எழும்பாமல் இருந்தார். திருமணமாகி ஐந்து வருடங்கள். வயது இருபத்தெட்டு. கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து எம்மிடம் நீட்டினார். ஐந்து குளிசைகளில் மூன்று மட்டுமே எடுக்கப்பட்டிருந்தன.

“சிஸ்டர், இது புற்றுநோய்க்காரருக்குக் குடுக்கிற குளிசையெண்டு பாமசியிலை நிக்கிற தம்பி சொல்லுறான். எனக்குப் புற்றுநோயெண்டதை எல்லாரும் மறைக்கினமோ?”

பிள்ளை வேண்டுமென்று கிளினிக்குக்குப் போன பெண் அவர். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை இடைநடுவில் நிறுத்திவிட்டு, மூன்று வாரங்களாக எவரிடமும் சொல்லாமல் பயத்துடன் இருந்திருக்கிறார். அன்று எம்மிடம் அதற்குச் சரியான விடை இருக்கவில்லை. பின்னர் வைத்தியர் ஒருவரிடமும், நீண்டகாலம் கிராமங்களில் பணிபுரிந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரிடமும் கேட்டும், இது தொடர்பான நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கு தருகிறோம். இதே கேள்வியுடன் வேறு பலரும் இருப்பார்கள் என்பது எமது எண்ணம்.

கோளாறு என்ன?

அச்சகோதரியின் கிளினிக் புத்தகத்தில் பி.சி.ஓ.எஸ். என்று எழுதப்பட்டிருந்தது. “கர்ப்பப்பையிலை கட்டி” என்று அவருக்கு யாரோ விளங்கப்படுத்தியிருந்தார்கள். இது கர்ப்பப்பையில் உள்ள கோளாறு அல்ல, கட்டியும் அல்ல. பெயரே பலரைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பையின் இரு பக்கமும் இரண்டு சூலகங்கள் உள்ளன. ஒவ்வொரு மாதமும் அவற்றில் பல சிறு பைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொரு பையினுள்ளும் ஒரு முட்டை இருக்கும். சில நாட்களில் அவற்றுள் ஒன்று மற்றவற்றை முந்தி, ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். கரு உண்டாவது அதன்பின்னரே. அப்படி உண்டாகாவிட்டால் சுமார் இரு வாரங்களில் மாதவிடாய் வரும். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பைகள் வளரத் தொடங்குகின்றன, ஆனால் எதுவும் முந்திச் செல்வதில்லை. எல்லாம் சிறிய அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கானில் வரிசையாகத் தெரியும் ‘கட்டிகள்’ இவைதாம். வயலில் விதைத்த நெல் முளைத்தும் கதிர் வராமல் நிற்பது போன்ற நிலை இது. வெட்டி எறிய வேண்டிய கட்டி எதுவும் அங்கில்லை.

பைகள் வளராமல் நிற்பதற்கு முக்கிய காரணம் ஓமோன்களின் சமநிலை குழம்புவது. பெண்ணின் உடலில் சிறிதளவு ஆண் ஓமோன் எப்போதும் உண்டு. இக்கோளாற்றில் அது கூடுகிறது. அது கூடுவதற்கு இன்சுலினும் ஒரு காரணம். சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாதபோது உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைக் கூட்டுகிறது. எனவேதான் தாய் தகப்பனுக்குச் சலரோகம் உள்ள குடும்பங்களில் இதனை அதிகம் காண்கிறோம்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஸ்ரெயின், லெவென்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பரிசோதித்து இதனை முதலில் விபரமாக எழுதினார்கள். எமது நாட்டில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 6.3 பேரில் இக்கோளாறு இருப்பதாகக் காட்டியது. பதினாறு பேரில் ஒருவர். ஒரு கிராம அலுவலர் பிரிவில் இந்த வயதில் 160 பெண்கள் இருந்தால் அவர்களில் பத்துப் பேர் என்று எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பத்துப் பேரும் தமக்கு மட்டுமே இந்த விதி என்று நினைத்துக்கொண்டு தனித்தனியே அழுகிறார்கள்.

எப்படி அறிந்துகொள்வது?

மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்து, தைரொயிட் போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று கண்டால் வைத்தியர்கள் இந்தப் பெயரை வைப்பார்கள். முதலாவது, மாதவிடாய் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போவது அல்லது வருடத்தில் எட்டுத் தடவைக்குக் குறைவாக வருவது. இரண்டாவது, ஆண் ஓமோன் கூடியதற்கான அறிகுறிகள். நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த உரோமம் வளர்வதும், ஆறாத முகப்பருவும் இதில் அடங்கும். இரத்தப் பரிசோதனையிலும் இது தெரியவரும். மூன்றாவது, ஸ்கானில் தெரியும் சிறு பைகள். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கான் கூடத் தேவையில்லை. கழுத்தின் பின்புறம் ஊத்தை படிந்ததுபோல் கறுத்துத் தடிப்பதையும் பலரிடம் காணலாம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, ஏனெனில் அது ஊத்தை அல்ல, இன்சுலின் கூடியதன் அடையாளம்.

பெரியபிள்ளையாகி ஓரிரு வருடங்களில் மாதவிடாய் ஒழுங்கில்லை என்று மகளை ஸ்கானுக்கு இழுத்துச் செல்லும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. அந்த வயதில் ஆரோக்கியமான பிள்ளைகளின் சூலகத்திலும் பல சிறு பைகள் தெரியும். முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடங்கள் செல்லும்வரை ஸ்கானைக் கொண்டு இதனைத் தீர்மானிக்கக்கூடாது என்பதே 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் சொல்வது. வைத்தியரிடம் காட்டுவது நல்லது. ஆனால் பிள்ளைக்கு வீணே ‘கட்டி’ என்ற பட்டத்தைச் சூட்டி, கலியாணப் பேச்சுவரை அதைச் சுமக்க வைக்க வேண்டாம்.

சாதாரணமாக ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் வைத்தியரைக் காண வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதத்திலேயே போகவேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் இந்தக் கால எல்லை எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை.

அந்தக் குளிசை

இப்போது அச்சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவர் வைத்திருந்தது லெட்ரசோல். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காகவே இந்த மருந்து முதலில் தயாரிக்கப்பட்டது என்பது உண்மை. பெட்டியினுள் இருக்கும் தாளிலும் அப்படியே அச்சிடப்பட்டிருக்கும். பாமசித் தம்பி பொய் சொல்லவில்லை. அரைகுறையாகச் சொன்னார்.

இம்மருந்து உடலில் ஈஸ்திரசன் என்ற பெண் ஓமோன் உற்பத்தியாவதைச் சில நாட்களுக்குக் குறைக்கிறது. புற்றுநோயாளருக்கு அதை நாள்தோறும் வருடக்கணக்கில் கொடுப்பார்கள். பிள்ளைக்காகக் கொடுக்கும்போது ஐந்து நாட்கள் மட்டுமே. இரத்தம் பட்ட முதல் நாளை ஒன்றாம் நாளாகக் கணக்கிட்டு, பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் குளிசை ஒன்று. முட்டை வளராவிட்டால் அடுத்த தடவை வைத்தியர் அளவைக் கூட்டுவார். ஈஸ்திரசன் குறைந்ததும், சூலகம் வேலை செய்யவில்லை என்று மூளை எண்ணி, முட்டையை வளர்க்கும் ஓமோனைக் கூடுதலாக அனுப்புகிறது. உறங்கிக்கிடந்த பைகளில் ஒன்று அதனால் முந்தி வளர்கிறது. மருந்தோ விரைவில் உடலைவிட்டு நீங்கிவிடும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதன் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

குழந்தைக்கு ஊனம் வருமா என்ற பயமும் உண்டு. அது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2005இல் கனடாவிலிருந்து வந்த ஒரு சிறு அறிக்கை இப்படியொரு ஐயத்தைக் கிளப்பியது. அடுத்த வருடமே அங்கு 911 குழந்தைகளை ஆராய்ந்தபோது, லெட்ரசோல் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு பழைய மருந்தை எடுத்தவர்களைவிடக் கூடியிருக்கவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் இக்கோளாற்றுக்கு முதலில் கொடுக்கும் மருந்து இதுவே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கர்ப்பம் ஏற்கெனவே தரித்திருந்தால் இதனை எடுக்கக்கூடாது. மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் பெண், சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்காமல் மிச்சம் கிடந்த குளிசையைத் தானாகவே எடுப்பது ஆபத்து.

பழைய மருந்து என்று நாம் சொன்னது குளோமிபீன். 1960களிலிருந்து பாவனையில் உள்ளது. லெட்ரசோல் கிடைக்காத இடங்களில் இன்றும் கொடுக்கிறார்கள், இதனாலும் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். ஆனால் சிலரில் இது கர்ப்பப்பையின் உட்சுவரை மெல்லியதாக்கிவிடுகிறது. குளோமிபீன் எடுக்கும்போது கண் மங்கினாலோ கண்முன் ஒளி மின்னினாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். உடல் சூடேறுவது, தலையிடி, களைப்பு ஆகியன இரண்டு மருந்துகளிலும் வரக்கூடியவை; அவை கடந்துபோகும்.

மெட்போமின் குளிசையும் பலருக்குக் கொடுக்கப்படுகிறது. “எனக்குச் சலரோகம் இல்லையே” என்று சிலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். அது இன்சுலினைச் சரிவர வேலை செய்ய வைப்பதற்காகக் கொடுப்பது. சாப்பாட்டுடன் எடுத்தால் வயிற்றுப் பிரட்டும் வயிற்றோட்டமும் குறையும். ஆனால் பிள்ளை தங்குவதற்கு மெட்போமின் மட்டும் போதாது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெட்போமினை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 7 பேரும், குளோமிபீன் எடுத்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குச் சற்றுக் கூடவும் பிள்ளை பெற்றார்கள்.

எத்தனை மாதம்?

முதல் மாதத்தில் பலன் இல்லையென்றால் மருந்து சரியில்லை என்று முடிவுகட்டுவது எமது பெண்களின் பொதுப் பழக்கம். அதைவிட மாமியாரின் பழக்கம் என்று சொன்னாலும் பிழையில்லை. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில் இக்கோளாறு உள்ள 750 பெண்கள் பங்குபற்றினார்கள். ஐந்து மாதவிடாய்ச் சுற்றுகள் வரை மருந்து கொடுத்தபின், லெட்ரசோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். ஐந்து சுற்றுக்குப் பின்னும் நான்கில் மூன்று பேர் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஸ்கானில் அவதானித்துக்கொண்டு கொடுக்கப்படும் ஊசிகளும், சிறு துளையிட்டுச் சூலகத்தில் செய்யும் சிகிச்சையும் அவற்றுட் சில. ஊசி முறையில் பல முட்டைகள் ஒன்றாக வளர்ந்து வயிறு வீங்கி ஆபத்தாகும் நிலையும், இரட்டைப் பிள்ளைகளும் வரக்கூடும். ஆகவே ஸ்கான் வசதியும் அனுபவமும் இல்லாத இடத்தில் அதனைப் போட்டுக்கொள்ளக்கூடாது.

குளிசை எடுத்த மாதத்தில் கணவன் மனைவி சேர்ந்திருக்க வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாத விடயம் என்று நினைத்தோம். தேவை என்று பின்னர் கண்டோம். எமது கரையோரக் கிராமங்களில் கணவன் பருவத்துக்கு வாடி போட்டு வேறு கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுகிறான். மனைவியோ கிளினிக்கில் தந்தார்கள் என்று குளிசையை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள். கடைசிக் குளிசையிலிருந்து ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் முட்டை வெளிவரும். பத்தாம் நாள் தொடக்கம் இருபதாம் நாள் வரை ஒன்றுவிட்டொரு நாள் உறவுகொள்வது போதும். கணவன் வீட்டில் இல்லாத மாதத்தில் மருந்தை எடுக்காமல் விடலாமா என்று வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று, குளிசையை அயலவருடன் பகிர்வது. “அவளுக்கும் பிள்ளையில்லை, ரெண்டு குளிசை குடுத்தனான்” என்று ஒரு தாய் எம்மிடம் பெருமையாகச் சொன்னார். மற்றப் பெண்ணின் குழாய் அடைபட்டிருக்கலாம், குறை கணவனில் இருக்கலாம், அவள் கர்ப்பமாகவும் இருக்கலாம். அன்பு நல்லதுதான், ஆனால் குளிசை அரிசிப் பொட்டலம் அல்ல.

ஆண்களுக்கும் ஒரு பரிசோதனை

மேற்சொன்ன சகோதரிக்கு மூன்று தடவை இரத்தம் எடுத்திருந்தார்கள், இரண்டு தடவை ஸ்கான் செய்திருந்தார்கள். கணவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. “அவருக்கு என்ன குறை? நல்லாய்த் தொழில் செய்யிறார்” என்பது மாமியாரின் வாதம். தொழில் செய்யும் வலுவுக்கும் விந்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. பிள்ளையில்லாத குடும்பங்கள் பலவற்றில் ஆணின் பக்கமும் குறை உண்டு, சிலவற்றில் இருவரிலும் உண்டு. மனைவியின் கோளாறு உறுதியாகியிருந்தாலும் கணவனைப் பரிசோதிக்காமல் குளிசையைத் தொடங்குவது, இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாட்டுக்கு மட்டும் லாடன் அடிப்பதற்குச் சமன். விந்துப் பரிசோதனை வலியில்லாதது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவின்றி இருந்தபின் மாதிரியைக் கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். தூரக் கிராமத்தவர்கள் ஆய்வுகூடத்திலேயே இடம் கேட்டு எடுப்பது சுகம்.

உணவும் உடலும்

உடல் நிறை கூடியவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ. எமது நாட்டவருக்கு இடுப்பின் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டாலே கவனிக்க வேண்டும். மெலிந்தவர்களிலும் இந்தக் கோளாறு உண்டு. அவர்களைப் பட்டினி போட வேண்டாம்.

“நாங்கள் நாள் முழுக்க வேலை செய்யிற ஆக்கள், எங்களுக்கேன் உடற்பயிற்சி?” என்று கேட்பார்கள். முன்னர் உரலும் அம்மியும் கிணற்றுத் துலாவும் இருந்தன. இப்போது மில்லும் கிரைண்டரும் தண்ணீர் மோட்டரும் வந்துவிட்டன. அவற்றை நாம் குறை சொல்லவில்லை, பெண்களின் முதுகு பிழைத்தது. ஆனால் சோற்றின் அளவு உரல் காலத்து அளவாகவே இருக்கிறது. அதற்குமேல் தேநீர். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி என்றால் பதினைந்து தேக்கரண்டி. மட்டக் கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் 60 கிராம் சீனி. ஒரு மாதத்தில் 1.8 கிலோ. இதனை ஒரு கூட்டத்தில் கணக்குப்போட்டுக் காட்டியபோது சிரித்தவர்கள், அடுத்த கூட்டத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் குடித்தார்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான், ஆனால் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டால் நட்டமில்லை. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, முருங்கையிலை, மீன் இவையெல்லாம் எம்மிடமே உள்ளன. கோப்பையில் பாதி மரக்கறியும் கால்வாசி சோறும் என்பது ஒரு நல்ல அளவு. வாரத்தில் 150 நிமிடமாவது மூச்சுச் சற்று வாங்க நடப்பது நல்லது. ஐந்து நாள், அரை மணித்தியாலம். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்தால் ஊர் வாயும் அடங்கும்.

நேர்த்தியும் மருந்தும்

அச்சகோதரி எங்களிடம் வருவதற்கு முன் தாலிக்கொடியை அடகு வைத்து, வாகனத்தில் வந்த ஒரு மருந்து வியாபாரியிடம் தூள் வாங்கியிருந்தார். அதில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. மடுத்திருப்பதிக்கும் நேர்த்தி வைத்திருந்தார். தூள் வியாபாரியைப் பற்றி எமக்குக் கோபம் உண்டு. நேர்த்தியைப் பற்றி எமக்குக் கோபம் எதுவும் இல்லை. செபமும் குளிசையும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல. சூலகத்தைத் தூண்டும் மருந்து எடுப்பது பாவமோ என்று கேட்டவர்களும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 2008இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், இயல்பான கருத்தரிப்புக்கு உள்ள தடைகளை நீக்கும் ஓமோன் சிகிச்சையை ஏற்கத்தக்கதாகவே குறிப்பிடுகிறது. ஆய்வுகூடத்தில் கருவை உருவாக்கும் முறையைப் பற்றி அதன் நிலைப்பாடு வேறு. அந்த விடயத்தில் முடிவெடுக்கும் தம்பதிகள் தம் பங்குத்தந்தையுடனும் வைத்தியருடனும் பேசட்டும்.

எம்மைப் போன்றவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்: “என்ன பிள்ளை, இன்னும் ஒண்டும் இல்லையோ?” என்று கோயில் வாசலில் கேட்பதை நிறுத்தலாம். சாமத்தியச் சடங்கில் ஆராத்தி எடுக்கவும், பிறந்த பிள்ளையைத் தூக்கவும் அப்பெண்களை அழைக்கலாம். மூளையும் சூலகமும் ஓமோனால் பேசிக்கொள்ளும் விதம் பற்றி இவ்வளவு எழுதினோம். அந்தச் சொல்லால் ஒரு பெண் கூட்டங்களுக்கு வராமல் போனதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பிள்ளை தங்கியபின்

பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, போலிக் அமிலக் குளிசை எடுக்கத் தொடங்குங்கள். ஜேர்மன் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டதா என்பதையும் அவரிடம் கேட்டறியுங்கள். இக்கோளாறு உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலத்தில் சலரோகமும் பிரசரும் வரும் வாய்ப்புக் கூட. ஆகவே கர்ப்பம் என்று அறிந்த உடனேயே பதிந்து, குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பிள்ளை வேண்டாதவர்களும் பெற்று முடித்தவர்களும்கூட, மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் ‘சுகமாய்ப் போச்சு’ என்று விட்டுவிடக்கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவர் களையப்படாமல் தடித்துக்கொண்டே போவது பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழிவிடலாம். சீனியை ஒன்று முதல் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சகோதரி மீண்டும் கிளினிக்குக்குப் போனார். கணவனும் கூடப் போனார், இரண்டு மாதம் தாமதித்துத்தான். நாம் இதை எழுதும்போது அவர்கள் மூன்றாவது சுற்றில் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் தங்கவில்லை. அடுத்த தடவைக்காக, மாதவிடாய் வந்த திகதிகளையும் குளிசை எடுத்த நாட்களையும் சமையலறைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பழைய ஸ்கான் தாள்கள், கணவனின் அறிக்கை எல்லாம் ஒரே கோவையில் உள்ளன. அந்தக் கலண்டரைக் கழற்றிக் கொண்டுபோகலாமா என்று எம்மிடம் கேட்டார். கொண்டுபோகச் சொன்னோம். வைத்தியருக்கு அதைவிட உதவியான தாள் வேறில்லை.